கைப்பிடி நடுங்கினால் கருவி வாங்கலாமா?

மலைநாட்டில் குடியேறிப் பிழைக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு மோட்டார் சைக்கிள் இன்று ஆடம்பரப் பொருளன்று. ஏலத்தோட்டத்துக்குப் போகும் கணக்குப்பிள்ளைக்கும், பூப்பாறைச் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் சிறு வியாபாரிக்கும், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவரும் தகப்பனுக்கும் அது கால்போல ஆகிவிட்டது. பேருந்து வராத இடத்துக்கு அது வருகிறது. ஜீப்புக்குக் கொடுக்கும் கூலியை அது மிச்சப்படுத்துகிறது. எனவே அதைப் பற்றிய கேள்வி எதுவும் பொழுதுபோக்குக் கேள்வியாகாது. குடும்பத்தின் உயிரையும் கையிருப்பையும் ஒருங்கே தொடும் கேள்வியாகும்.

அத்தகைய கேள்வி ஒன்று சென்ற சில மாதங்களாக நம் இளைஞர்களிடையே உலவி வருகிறது. வண்டி ஓடும்போது கைப்பிடி நடுங்கினால், சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ‘ஸ்டியரிங் டேம்பர்’ என்னும் கருவியை வாங்கிப் பூட்டிவிடலாமா என்பதே அக்கேள்வி. நாம் பொறியியல் கற்றவரல்லர். பத்தாம் வகுப்புத் தேறி ரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் சாமானியர். ஆயினும் இக்கேள்வி நம் வீட்டு வாசலுக்கே வந்து நின்றபடியால், விசாரித்தும் படித்தும் பார்த்தும் அறிந்தவற்றை நேயர்கள் முன் வைக்கிறோம்.

நம் உத்தியோகம் மலைக்குக் கீழே போடிநாயக்கனூரில். குடும்பம் மலைமேல் சாந்தன்பாறையில். இடுக்கி மாவட்டத்தில் ரயில் பாதையே கிடையாது. மதுரையிலிருந்து போடிக்கு 1928இல் வந்த மீட்டர் பாதை, அகலப்படுத்தும் பொருட்டு 2010ஆம் ஆண்டின் முடிவில் நின்றுபோய், 2023 ஜூன் 15 அன்றுதான் அகலப் பாதையாகப் போடிக்கு மீண்டும் வந்து சேர்ந்தது. அதற்குமேல் மலையேற ரப்பர்ச் சக்கரந்தான் துணை. வாரம் ஒருமுறையோ இருமுறையோ நம் மைத்துனரின் 350 சி.சி. மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து போடிமெட்டு வழியாக நாம் ஏறி இறங்குவது வழக்கம். ஆகவே அவ்வண்டியின் கைப்பிடி நடுங்கினால் நம் நெஞ்சும் நடுங்கத்தானே செய்யும்!

மைத்துனர் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் ஒன்றில் வேலை செய்பவர். வண்டி அவர் இரண்டாங்கையாக வாங்கியது. பூப்பாறைக்கு அப்பாலுள்ள நல்ல சாலையில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் சென்று, ஆக்ஸிலேட்டரைக் குறைத்து, குளிருக்குக் கழுத்துத் துணியைச் சரிசெய்ய ஒரு கையை எடுத்தாரானால், கைப்பிடி இடமும் வலமுமாகப் படபடவென்று அடித்துக்கொள்ளும். இரு கைகளாலும் பிடித்தால் நின்றுவிடும். இதைக் கண்ட நண்பர் ஒருவர், “மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு டேம்பர் கிடைக்கிறது, பந்தய வண்டிகளிலெல்லாம் இருக்கிறது, பூட்டிவிட்டால் மலைபோல் நிற்கும்” என்று சொல்லிவிட்டார். மைத்துனர் உடனே நம்மிடம் வந்து, “அத்தான், அடுத்த சம்பளத்தில் வாங்கிவிடட்டுமா?” என்று கேட்டார். “மாப்பிள்ளை, ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும். ஒரு வாரம் பொறுங்கள், விசாரிப்போம்” என்று நாம் சொன்னோம்.

முதலில் அக்கருவி யாதென்று பார்ப்போம். வண்டியின் பின்சக்கரத்தருகே ஷாக் அப்ஸார்பர் இருப்பதை எல்லாரும் அறிவர். அதையே மெலிந்த உருவில் படுக்கவைத்து, ஒரு முனையை வண்டியின் சட்டத்திலும் மறுமுனையை முன் ஃபோர்க்கிலும் பூட்டினால் அதுதான் ஸ்டியரிங் டேம்பர். உள்ளே எண்ணெய் நிறைந்த குழல். அதனுள் சிறு துளையுள்ள தட்டுடன் ஒரு தண்டு. கைப்பிடியை மெதுவாகத் திருப்பினால் எண்ணெய் துளை வழியே தாராளமாக ஒழுகி வழிவிடும். வெடுக்கென்று திருப்பினால் எண்ணெய் தடுக்கும். ஆகவே நிதானமான திருப்பத்தை விட்டுக்கொடுத்து, படபடப்பை மட்டும் அடக்குவது அதன் இலட்சணம்.

இக்கருத்து புதிதன்று. பழைய ஆங்கிலேய மோட்டார் சைக்கிள்களிலும், 1955இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் பழைய புல்லட்டுகளிலும், கைப்பிடியின் நடுவே ஒரு திருகு குமிழ் இருக்கும். அதை முறுக்கினால் உள்ளிருக்கும் வட்டுகள் ஒன்றையொன்று அழுத்திக் கைப்பிடியை இறுக்கும். பக்கவண்டி பூட்டி ஓட்டுவோர் அதை இறுக்கிக் கொள்வர். தனி வண்டியாக ஓட்டுவோர் தளர்த்திவிடுவர். நம் பாட்டனார் காலத்து வண்டியிலேயே இருந்த சாதனம் இன்று வேறு வேடத்தில் வந்திருக்கிறது என்க.

இனி, கைப்பிடி ஏன் நடுங்குகிறது? முன்சக்கரம் தரையைத் தொடும் இடம், கைப்பிடியின் அச்சை நீட்டினால் அது தரையைத் தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் இருக்கும்படி வண்டியை அமைத்திருக்கிறார்கள். இதனால் சக்கரம் எப்பக்கம் விலகினாலும் தானாக நேருக்குத் திரும்ப முயலும். தள்ளுவண்டியின் சுழலும் சிறு சக்கரம் போகும் திசைக்கு இழுபடுவது போன்றதே இது. ஆனால் நேருக்குத் திரும்பும் சக்கரம் நேரில் நிற்காமல் மறுபக்கம் சற்றுத் தாண்டிவிடும்; மீண்டும் திரும்பும்; மீண்டும் தாண்டும். நல்ல நிலையிலுள்ள வண்டியில் இந்த ஆட்டம் ஓரிரு தடவையில் அடங்கிவிடும். எங்கோ ஒரு தளர்ச்சி இருந்தால் அடங்காமல் தொடரும்.

இங்கிலாந்தைச் சேர்ந்த ராபின் ஷார்ப் என்னும் அறிஞர் 1971இல் மோட்டார் சைக்கிளின் நிலைப்பாட்டைக் கணித முறையில் ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் இருவகை ஆட்டங்களைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, கைப்பிடியும் முன்சக்கரமும் மட்டும் வேகமாகப் படபடப்பது. நொடிக்கு ஏறத்தாழ ஆறு முதல் பத்து முறை வரை நிகழும். மற்றொன்று, வண்டி முழுவதும் மீன் நீந்துவது போல வளைந்து வளைந்து செல்வது. நொடிக்கு இரண்டு முதல் நான்கு முறை வரை, பெரும்பாலும் அதிவேகத்தில் நிகழும். டேம்பர் முதல்வகையை அடக்கும். ஆனால் அதிவேகத்தில் இரண்டாம் வகையை அதிகப்படுத்தவும் கூடும் என்பது அவ்வாராய்ச்சியில் தெளிந்த உண்மை. ஒரு நோய்க்குக் கொடுத்த மருந்து மற்றொரு நோயைக் கிளப்புவது வைத்தியத்தில் மட்டுமன்று, யந்திரத்திலும் உண்டு.

இதைப் படித்தபோது நமக்கு நம் ரயில் பெட்டிகளே நினைவுக்கு வந்தன. ரயில் சக்கரத்தின் ஓடுதளம் தட்டையாக இராது. சற்றே கூம்பு வடிவமாகச் சரிந்திருக்கும். அதனால் பெட்டி தண்டவாளத்தின் நடுவே நிற்க முயன்று, இடமும் வலமுமாக மெல்ல நெளிந்து ஓடும். கிளிங்கல் என்ற ஜெர்மானியர் 1883இலேயே இந்த நெளிவைக் கணக்கிட்டுக் காட்டினார். இன்று நம் நாட்டில் ஓடும் எல்.எச்.பி. பெட்டிகளின் அடிச்சட்டத்தில் இந்நெளிவை அடக்கவென்றே தனி டேம்பர்கள் உள்ளன. ஆனால் நேயர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: சக்கரம் தேய்ந்து வடிவம் கெட்டுவிட்டால் பெட்டியைப் பணிமனைக்கு அனுப்பிச் சக்கரத்தைக் கடைசல் இயந்திரத்தில் இட்டு மறுபடி வடிவமைக்கிறார்களேயன்றி, “டேம்பர்தான் இருக்கிறதே, ஓடட்டும்” என்று விடுவதில்லை. முதலில் சக்கரம், பிறகே டேம்பர். பெரிய பெட்டிக்குப் பொருந்தும் நியாயம் சிறிய வண்டிக்கும் பொருந்தும் அன்றோ?

நிற்க. டேம்பரே வீண் என்று நாம் சொல்ல வரவில்லை. அது இன்றியமையாத வண்டிகள் உண்டு. ஜப்பானிய சுஸுகி நிறுவனம் 1997இல் டி.எல்.1000 எஸ் என்னும் வண்டியை வெளியிட்டபோது, வேகத்தில் கைப்பிடி கட்டுக்கடங்காமல் அடித்துக் கொள்கிறதென்று புகார் எழுந்தது. பின்னர் அந்நிறுவனமே டேம்பரைப் பொருத்திக் கொடுத்தது. ஹோண்டா நிறுவனம் 2004இல் தன் ஆயிரம் சி.சி. பந்தய ரக வண்டியில் மின்னணு டேம்பரைப் பொருத்தியது. அது மெதுவாகப் போகும்போது இளகியும், வேகமெடுக்கும்போது இறுகியும் தானாகவே மாறிக்கொள்ளும். இத்தகைய வண்டிகள் முன்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் பாயக்கூடியவை. அவற்றின் சட்டம், ஃபோர்க்கின் சரிவு, டேம்பர் ஆகிய மூன்றையும் ஒரே மேசையில் வைத்துக் கணக்கிட்டுச் செய்கிறார்கள். நம் மைத்துனரின் வண்டியோ கனமானது, நிதானமானது, டேம்பர் இன்றி ஓடவே வடிவமைக்கப்பட்டது. அது நேற்றுவரை நடுங்காமல் ஓடி இன்று நடுங்குகிறதென்றால், புதிதாக எதுவோ கெட்டிருக்கிறது என்பதே பொருள்.

இனி, மலிவான டேம்பரின் குணாகுணங்களைப் பார்ப்போம். ஸ்வீடன் நாட்டில் 1976இல் தோன்றிய ஓலின்ஸ் போன்ற நிறுவனங்களின் கருவிகள் விலையில் பன்மடங்கு உயர்ந்தவை. அந்த விலை வித்தியாசம் பளபளப்புக்காக மட்டுமன்று. எண்ணெய் கசியாத அடைப்பு, தண்டின் வழவழப்பு, துளைகளின் துல்லியம் ஆகியவற்றுக்காக. மலிவுக் கருவியில் அடைப்பு விரைவில் தளர்ந்து எண்ணெய் கசியும். உள்ளே காற்றுப் புகும். காற்றுப் புகுந்தால் தண்டு நடுவிலிருந்து சற்று நகரும் வரை தடையே இராது. படபடப்புத் தொடங்குவதோ அந்த நடுவிடத்தில்தான்! ஆக, தடுக்கவேண்டிய இடத்தில் தடுக்காமல், தடுக்க வேண்டாத இடத்தில் தடுக்கும் கருவியாக அது ஆகிவிடும்.

எண்ணெயின் குணமும் யோசிக்கத்தக்கது. குளிரில் எண்ணெய் கெட்டியாகும், வெயிலில் இளகும். மார்கழி, தை மாதங்களில் நம் மலையில் விடியற்காலைக் குளிர் எப்படியிருக்கும் என்று தோட்டத்துக்குப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குளிரில் புறப்பட்டுப் போடியின் வெயிலில் போய் இறங்குகிறோம். காலையில் சரியாக வைத்த இறுக்கம் அடிவாரத்தில் இளகிவிடும்; அடிவாரத்தில் சரியாக வைத்ததோ மலையேறியதும் விறைத்துக்கொள்ளும்.

இவையெல்லாவற்றிலும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. டேம்பரின் தண்டு ஓரளவுதான் நீளும், ஓரளவுதான் சுருங்கும். கைப்பிடியை முழுவதும் இடப்பக்கம் திருப்பினாலும் முழுவதும் வலப்பக்கம் திருப்பினாலும், வண்டியின் சட்டத்திலுள்ள தடுப்புத்தான் முதலில் முட்ட வேண்டும். தண்டு அப்போதும் சிறிது மிச்சம் வைத்திருக்க வேண்டும். அளவு பொருந்தாத கருவியைப் பூட்டினால், தண்டு முன்னதாகவே முட்டிக் கைப்பிடி பாதியில் நின்றுவிடும். சமவெளியில் இது தெரியவே தெரியாது. அங்கே கைப்பிடியை முழுவதும் திருப்புவது வண்டியை நிறுத்தும்போது மட்டுந்தான். நம் சாலையிலோ போடிமெட்டுக்கு ஏறும் வழியில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. முன்னே லாரி நின்று, பின்னே பேருந்து ஒலியெழுப்ப, சரிவில் மிக மெதுவாகக் கைப்பிடியை ஒடித்துத் திருப்பும் நேரத்தில் அது பாதியில் நின்றால் வண்டி எங்கே போகும்? தடுப்புச் சுவரை நோக்கிப் போகும். அல்லது கீழே சாயும். பின்னிருக்கையில் மனைவியும் மடியில் குழந்தையும் இருந்தால் என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள்.

யானையின் பேச்சையும் இங்கே எடுக்க வேண்டியிருக்கிறது. அரிக்கொம்பனை 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானல் பகுதியில் பிடித்து அப்புறப்படுத்தினார்கள். ஆனால் யானை என்பது ஒரே யானையன்று. அந்தி மயங்கிய வேளையில் வளைவுக்கு அப்பால் கரிய உருவம் கண்டால், குறுகிய சாலையில் வண்டியை ஒரே வட்டத்தில் திருப்பிக்கொண்டு வர வேண்டும். அவ்வேளையில் கைப்பிடி முழுமையாகத் திரும்புவது உயிருக்கு உத்தரவாதம். அதை மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்துக் குறைத்துக் கொள்ளலாமா?

மற்றொன்று. மெதுவாகச் செல்லும் இருசக்கர வண்டி விழாமல் நிற்பது, ஓட்டுகிறவர் கைப்பிடியை இடைவிடாது இம்மி இம்மியாகத் திருப்பிக் கொண்டிருப்பதால்தான். டேம்பர் இறுக்கமாக இருந்தால் அந்தச் சிறு திருத்தங்கள் தாமதிக்கும். மலையில் நாம் ஓடும் நேரத்தில் பெரும்பகுதி மெதுவாக ஓடும் நேரமே. கோயில் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் சரியான சமயத்தில் சரியான சக்கரத்தில் போட்டால் தேர் திரும்பும்; எப்போதும் போட்டுக்கொண்டே இருந்தால் தேர் நகராது. பந்தயத் திடலுக்கு இறுக்கிய டேம்பர் மலைப்பாதையில் அப்படிப்பட்ட முட்டுக்கட்டையே ஆகும்.

இவ்வளவையும் ஒருவாறு அறிந்த பின், மைத்துனரை அழைத்துக்கொண்டு, அனுபவம் முதிர்ந்த மெக்கானிக் ஒருவரின் பட்டறைக்குப் போனோம். அவர் டேம்பரைப் பற்றிக் கேட்டுச் சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. “வண்டியை நடு ஸ்டாண்டில் போடுங்கள்” என்றார். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து எழும்பவைத்து, ஒரு விரலால் கைப்பிடியை மெல்லத் தள்ளினார். அது வழுக்கிக்கொண்டு போகாமல், நடுவில் வந்ததும் ஏதோ பள்ளத்தில் விழுந்தாற்போல் ‘டக்’கென்று நின்றது. “கோன் செட்டில் குண்டுகள் பள்ளம் பறித்துவிட்டன” என்றார். ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார். மெல்லிய ஆட்டம் தெரிந்தது. முன் டயரைத் தடவிக் காட்டினார். ஒருபக்கம் தேய்ந்து மேடு பள்ளமாயிருந்தது. பின்சக்கரக் கம்பிகளை ஒரு ஸ்பானரால் தட்டிக்கொண்டே வந்தார்; சில கம்பிகள் ‘டிங்’கென்றும் சில ‘டொக்’கென்றும் ஒலித்தன. ‘டொக்’கென்றவை தளர்ந்தவை.

கடைசியாகப் பின்புறத்து இரும்புக் கேரியரைப் பார்த்தார். “இதில் என்ன ஏற்றுகிறீர்கள்?” என்று கேட்டார். உலர்ந்த ஏலக்காய்ச் சாக்கு என்றார் மைத்துனர். “பின்பாரம் ஏறினால் முன்சக்கரம் இலேசாகிவிடும் தம்பி. பாரத்தை உயரத்திலும் பின்னாலும் கட்டாமல், இருக்கைக்கு ஒட்டித் தாழ்வாகக் கட்டுங்கள். காற்றையும் பாரத்துக்குத் தக்கபடி பார்த்து அடியுங்கள்” என்றார். ஒரு விரலும் ஒரு ஸ்பானரும் கொண்டு கால்மணி நேரத்தில் நான்கு காரணங்களை அவர் எடுத்துக் காட்டிவிட்டார். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். அச்சாணியைப் பாராமல் தேருக்குத் தோரணம் வாங்கப் புறப்படுவது எவ்வளவு எளிது என்று அன்று நமக்குத் தோன்றியது.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். முன் டயர் 2,400 ரூபாய். கோன் செட் 900 ரூபாய். கம்பிகளை முறுக்கிச் சக்கரக் கோணல் எடுத்தது உட்படக் கூலி 900 ரூபாய். ஆக 4,200 ரூபாய். டேம்பர் விலையைவிட 700 ரூபாய் அதிகந்தான். மறுநாள் அதே சாலையில், அதே வேகத்தில், இரு கைகளையும் பிடியில் வைத்தபடியே ஆக்ஸிலேட்டரைக் குறைத்துப் பிடியை இலேசாகத் தளர்த்திப் பார்த்தார் மைத்துனர். கைப்பிடி அசையவில்லை. டேம்பரைப் பூட்டியிருந்தால் இந்த நடுக்கம் மறைந்திருக்கவும் கூடும். ஆனால் பள்ளம் விழுந்த கோன் செட்டும், தேய்ந்த டயரும், தளர்ந்த கம்பிகளும் உள்ளே அப்படியே இருந்திருக்கும். நடுக்கம் என்பது வண்டி நமக்குச் சொல்லும் எச்சரிக்கை. எச்சரிப்பவன் வாயைப் பொத்திவிட்டால் ஆபத்து நீங்கிவிடுமா?

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்து பதிவுச் சான்றிதழில் ஏறிய விவரங்கள் மாறிப்போகும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அவ்வாண்டு திருத்தப்பட்ட சட்டப்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் வரை அபராதத்துக்கு இடமுண்டு. நம்மவர் வண்டிகளில் பல தேனி மாவட்டத்து எண் தாங்கி இம்மலையில் ஓடுகின்றன. இரு மாநிலத்து அதிகாரிகளின் கண்ணிலும் அவை படும். ஆகவே சட்டத்திலோ ஃபோர்க்கிலோ துளையிட்டு, பற்றவைத்து, எதையும் பூட்டுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டிக்குக் காப்பீடு தரும் நிறுவனத்துக்கும் எழுதிக் கேளுங்கள். விபத்து நேர்ந்தபின் வண்டியில் கண்ட மாற்றத்தைக் காட்டி இழப்பீட்டில் வழக்காடும் நிலைக்கு, கூலிக்கு உழைக்கும் குடும்பம் ஆளாகக் கூடாது.

கையில் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் இருந்து, வண்டியிலும் குறையில்லை என்றால் அதை எதில் போடுவது? நம்மைக் கேட்டால் தலைக்கவசத்தில் என்போம். ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று புகழ்பெற்ற ஆங்கிலேயர் 1935 மே மாதத்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர்களுள் ஒருவரான ஹியூ கேர்ன்ஸ், அம்மரணத்தால் மனம் நொந்து, தலைக்கவசத்தின் பயனை ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். இன்று உலகெங்கும் தலைக்கவசம் கட்டாயமானதற்கு அவ்வாராய்ச்சி ஒரு வித்து. கேரளத்தில் 2019 டிசம்பர் முதல் பின்னால் அமர்பவருக்கும் கவசம் வேண்டுமென்று கண்டிப்பாக அமல்படுத்தத் தொடங்கினார்கள். ஆயினும் முன்னால் இருப்பவர் தலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரைக் கவசமும், பின்னால் இருக்கும் மனைவி தலையில் முக்காடு மட்டுமாகச் செல்லும் காட்சியை நாம் இன்றும் காண்கிறோம். கருவிக்கு வைத்த பணத்தில் வீட்டார் தலைக்கு இரண்டு நல்ல கவசங்கள் வாங்கலாம்.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மைத்துனரின் நண்பர், “நான் மாதம் இருமுறை தேனியிலிருந்து மதுரைக்கு நெடுஞ்சாலையில் விரைகிறேன், மேடு பள்ளத்தில் முன்சக்கரம் தூக்கும்போது டேம்பர் கையை நிதானப்படுத்துகிறது” என்கிறார். அது பொய்யன்று. வேகமும் சமவெளியும் அவர் வண்டியின் தன்மையும் அதற்கு இடம் தருகின்றன. அத்தகையவர் பூட்டுவதானால் நாம் சொல்லக்கூடியவை சில. தம் வண்டியின் மாடலுக்கென்றே செய்த பொருத்துச் சட்டங்களோடு கூடிய கருவியை மட்டும் வாங்குக. இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் குமிழ் உள்ளதாகப் பார்த்து, முதலில் மிகத் தளர்ந்த நிலையிலேயே ஓட்டுக. பூட்டியதும் கைப்பிடியை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பி, தண்டு முட்டாமலும், பிரேக் குழாயும் கிளட்ச் கம்பியும் மின்கம்பியும் மாட்டாமலும் இருப்பதை உறுதி செய்க. தண்டில் எண்ணெய்ப் பிசுக்குக் கண்ட அன்றே கழற்றிவிடுக. தேய்ந்த கோன் செட்டின்மேல் மட்டும் ஒருபோதும் பூட்டற்க.

ஓடும்போதே கைப்பிடி படபடக்கத் தொடங்கினால் என்ன செய்வது என்பதையும் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம். பிடியை உறுதியாகப் பற்றுங்கள். ஆனால் அதோடு மல்லுக்கு நிற்காதீர்கள். முழங்கால்களால் பெட்ரோல் டாங்கை அணைத்து, உடலைச் சற்று முன்னே தாழ்த்துங்கள். ஆக்ஸிலேட்டரைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். பிரேக்கை வெடுக்கென்று அமுக்காதீர்கள். வேகம் தணிய ஆட்டம் தானே அடங்கும். அடங்கியபின் ஓரமாக நிறுத்தி, டயர் காற்றையும் பின்பாரத்தையும் பாருங்கள்; மறுநாளே பட்டறைக்குச் செல்லுங்கள்.

ஆகவே நம் முடிந்த அபிப்பிராயம் இது: சாந்தன்பாறை, பூப்பாறை, உடும்பன்சோலை மலைப்பாதைகளில் குடும்பத்தோடு நிதானமாக ஓடும் வண்டிக்கு மலிவான ஸ்டியரிங் டேம்பர் வேண்டா. நடுங்கும் வண்டிக்கு அது மருந்தன்று. நடுங்காத வண்டிக்கு அது தேவையுமன்று. டயர், காற்று, கோன் செட், சக்கரக் கம்பி, பின்பாரம் என்னும் ஐந்தையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

நாம் இம்மலைக்கு வந்தது உழைத்துச் சம்பாதித்து, ஊரிலுள்ள பெற்றோரையும் இங்குள்ள பிள்ளைகளையும் காப்பாற்றுவதற்காக. அந்தக் காப்பாற்றும் கைகள் மாலையில் முழுசாக வீடு திரும்ப வேண்டும். 2022இல் கள்ளிப்பாறையில் நீலக்குறிஞ்சி பூத்தபோது ஆயிரமாயிரம் வண்டிகள் நம் ஊருக்கு வந்து, பூவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. நாமோ தினந்தோறும் இதே சாலையில் போய்வர வேண்டியவர்கள். எனவே கடைக்காரர் காட்டும் கருவிக்கு முன், நம் வண்டியை நம் விரலால் ஒருமுறை தள்ளிப் பார்ப்போமாக. சந்தேகம் உள்ளவர்கள் வருகிற ஞாயிறே வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திச் சோதித்துவிடும்படி சங்கத்து அன்பர்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.